எட்டில் ஒன்பது

பதினேழு வளைவு இறங்கியிருந்தேன். கொல்லிமலைச் சாலையில் இன்னும் ஐம்பத்து மூன்று பாக்கி. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. வலது கால் செருப்பின் வார் அறுந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். இரண்டு பஸ் என்னைத் தாண்டிப் போயின. கை காட்டவில்லை. ஏறினால் செம்மேட்டுக்காரர் யாராவது உட்கார்ந்திருப்பார், "பொன்னுசாமி எப்படி இருக்கான்?" என்று கேட்பார். கீழேயிருந்து வண்டி ஏறி வரும் சத்தம் கேட்டால் மட்டும் நின்றேன். ஜீப்பா, லாரியா என்று காது கொடுத்துக் கேட்பேன். லாரி என்றால் மூச்சு வரும்.

அன்று காலை என் வாயால் ஒரு ஆள் மின்னல் அடித்து விழுந்திருந்தான். உயிரோடுதான் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு காகிதம். பழைய மேகக் குறிப்புத் தாள்களை எல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிற பிள்ளைகளில் ஒருத்தி, போன மாதம் ஒரு தாளின் படத்தை எனக்கு அனுப்பினாள். வானம் என்ற கட்டத்தில் 8 என்று எழுதி, ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 9 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. "ஐயா, எட்டை ஏற்றுவதா, ஒன்பதை ஏற்றுவதா?" என்று கேட்டாள். இப்போது ஆய்வுக்கூடத்துக் கூரையில் கேமரா இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, மேகம் எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடுகிறது. அந்தப் பெண் வானத்தைப் பார்த்து எண் போட்டதே இல்லை. அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு நீண்டுவிட்டது.

நான் சேந்தமங்கலத்துக்காரன். அத்தாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினேன். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் லாரி கிளீனர், குண்டூரில் மிளகாய் மூட்டை, மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை, இரண்டு மழைக்காலம் மீன்பிடிப் படகு. எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் தரிக்கவில்லை. கடைசியில் காஸ் சிலிண்டர் ஏற்றிய லாரியோடு கொல்லிமலைக்கு வந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. செம்மேட்டிலிருந்து ஜீப்பில் அரை மணி நேரத் தூரத்தில், மேகத்தை ஆராய ஒரு முகாம் போட்டிருந்தார்கள். சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, சும்மா நிற்கிற நேரத்தில் அங்கிருந்த பாறை உச்சிவரை ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். முகாமின் தலைவர் டாக்டர் எஸ்தர் என்னைக் கூப்பிட்டார்.

"மேல என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் தெரியலீங்க மேடம். மஞ்சு மூடிக் கெடக்குது."

"இதுக்கு முன்னாடி அனுப்பின மூணு பேரும் மேகம் அழகா இருக்குன்னு சொன்னாங்க" என்றார். அடுத்த நாளிலிருந்து எனக்கு வேலை.

அவர் வளிமண்டல விஞ்ஞானி. திருநெல்வேலிப் பக்கம். ஒல்லியான உடம்பு, எப்போதும் ஒரு பழுப்பு நிற ஸ்வெட்டர், கழுத்தில் நூல் கட்டிய பென்சில். பேனா கூடாது, மழையில் மை கரையும். கோபித்து நான் பார்த்ததில்லை. எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" அந்தக் கேள்விக்கு நான் இடிக்குப் பயப்படுவதைவிட அதிகம் பயப்பட்டேன்.

அவருடைய ஆராய்ச்சியை எனக்குப் புரிகிற மாதிரி ஒரு நாள் சொன்னார். செயற்கைக்கோள் மேலிருந்து மேகத்தின் உச்சியைப் பார்க்கிறது. உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரமான மேகம், அவ்வளவு மழை என்று கணக்குப் போடுகிறது. இந்த மலையில் அப்படி இல்லை. தாழ்வாக, அதிகம் குளிராமல் படுத்துக் கிடக்கிற மேகமும் இங்கே நாள் முழுக்கப் பெய்கிறது. மேலிருந்து பார்த்தால் அது வெறும் மலை மாதிரித் தெரியும். "சாட்டிலைட் பொய் சொல்லலை கரீம். அதுக்குத் தெரியலை. தெரியலைங்கறதும் அதுக்குத் தெரியலை. அதுதான் பிரச்சினை."

அதனால் செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகிற நேரத்தில் நாங்கள் கீழிருந்து பார்க்க வேண்டும். முற்பகலில் அது வரும். பாறை உச்சியில் நான். கால் மணி நேர இறக்கத்தில், கீழே ஒரு திடலில், மேடமும் பொன்னுசாமியும் டிரைவரும். அங்கே ஒரு வெள்ளை பலூனைக் கயிற்றில் கட்டி, மேகத்துக்குள் ஏற்றுவார்கள். பலூனின் அடியில் தொங்கும் பெட்டி ஈரத்தையும் சூட்டையும் துளிகளின் அளவையும் பதியும். கயிறு ஒரு பெரிய இரும்பு ராட்டினத்தில் சுற்றியிருக்கும். அதன் கைப்பிடி பொன்னுசாமியின் கையில்.

பொன்னுசாமி மலையிலேயே பிறந்தவன். என்னைவிட நாலைந்து வயது பெரியவன். பலூனை "மாப்பிள்ளை" என்பான். காஸ் நிரப்பி அது நிமிர்ந்து நிற்கும்போது, "மாப்பிள்ளை கெளம்பிட்டாருங்க, பொண்ணு வூட்டுல சொல்லிருங்க" என்பான்.

கயிறு நைலான். காய்ந்திருந்தால் மின்சாரம் பாயாது. நனைந்தால் பாயும். மேகத்துக்குள் போகிற கயிறு நனையாமல் இருக்காது. ஆகவே இடிமேகம் எங்கேயாவது எழும்பியிருந்தால் பலூன் ஏறக் கூடாது. திடலிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் கூரை ஒன்றுதான் தெரியும். அதற்கு மேல் என்ன நிற்கிறது என்று பார்க்கத்தான் பாறையில் ஒரு ஆள். பெரும்பாலான நாளில் அந்தக் கூரை பாறைக்குக் கீழே கிடக்கும். அப்போது எனக்கு முழு வானமும் தெரியும்.

வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்துச் சொல்ல வேண்டும். மேடம் ஒரு தோசையை எட்டாக வெட்டித்தான் கற்றுக்கொடுத்தார். மேகமே இல்லாவிட்டால் பூஜ்யம். பாதி மூடியிருந்தால் நான்கு. முழுக்க மூடியிருந்தால் எட்டு. "மஞ்சு உங்களையே மூடி, வானமே தெரியாட்டி ஒன்பது."

பொன்னுசாமிக்கு அது பொறுக்கவில்லை. "ஏனுங்க மேடம், எட்டுத் துண்டு போட்ட தோசையில ஒம்பதாவது துண்டு எங்கீங்க இருக்குது?"

"அது தோசையில இல்ல பொன்னுசாமி. பாக்கறவர் கண்ணுல இருக்கு. எட்டுன்னா, பாத்தேன், மூடியிருக்கு. ஒன்பதுன்னா, எனக்குத் தெரியலை."

"தெரியலைங்கறதுக்கும் ஒரு நம்பரா!" என்று அவன் சிரித்தான். தோசையையும் அவன்தான் தின்றான்.

எட்டு என்றால், மேகத்தின் வகையைப் பார்த்து பலூன் ஏறலாம். தட்டை மேகம் என்றால் ஏற்றலாம். ஒன்பது என்றால் எந்தக் காரணத்துக்காகவும் ஏறக் கூடாது. பலூன் மேலே இருக்கும்போது பாறையிலிருந்து ஒன்பது என்று குரல் வந்தால், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஜீப்புக்குள் ஓட வேண்டும். பலூன் போனாலும் போகட்டும். காற்று அதிகம் என்று குரல் வந்தால் வேறு. அதற்கு நிதானமாகச் சுற்றி இறக்கினால் போதும். பத்து நிமிடம் ஆகும். இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில்தான் எல்லாம் நடந்தது.

அக்டோபர் கடைசி. நான்கு நாளாகப் பாறையில் ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. காலையில் ஏறுவேன், கல் ஈரத்தில் போர்வையைப் போர்த்தி உட்காருவேன், என் காலே எனக்குத் தெரியாது. வாக்கிடாக்கியில் ஒன்பது என்பேன். "சரி கரீம்" என்று பதில் வரும். அந்தச் "சரி" நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது. சிலிண்டர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக இரண்டு நாளில் லாரி வரும். அதற்குள் மேகத்துக்குள் போன பதிவு ஒன்றாவது இல்லாவிட்டால் அடுத்த வருடம் முகாம் கிடையாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். செம்மேட்டில் போன் பேசிவிட்டு வந்த மேடம் அன்று சாப்பிடவில்லை. ஸ்வெட்டர் கையில் நூல் பிரிந்திருந்ததை இழுத்து இழுத்து முழுக்கையையும் பிரித்துவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை பாறையில் அதே மஞ்சுதான். ஆனால் கொஞ்சம் வெளிச்சம். மேலே தட்டை மேகம்தான் இருக்கும், வேறென்ன இருக்கப்போகிறது என்று பட்டது.

"கரீம், சொல்லுங்க" என்று குரல் வந்தது. அந்தக் குரல் எதைக் கேட்க ஆசைப்படுகிறது என்று எனக்குத் தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பதினாறு வயதில் ஒரு ரம்ஜான் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம், எங்கள் பள்ளிவாசல் மாடியில் ஊரே பிறை பார்க்க நின்றது. மேகம். எல்லார் முகத்திலும் மறுநாள் பெருநாளாக இருக்கக்கூடாதா என்ற ஏக்கம். நான் "அதோ!" என்றேன். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அத்தா முன்னால் வந்து, "எம் மவன் பொய் சொல்ல மாட்டான்" என்றார். தொழுகை நடத்தும் ஹஜ்ரத் என்னை உட்காரவைத்து, மெதுவாகக் கேட்டார்: "கொம்பு ரெண்டும் எந்தப் பக்கம் பாத்துச்சு தம்பி?" காலண்டர் படத்தில் இருப்பது மாதிரி, நிமிர்த்தி வைத்த அரிவாள் போலக் கையால் காட்டினேன். எங்கள் ஊர் வானத்தில் முதல் பிறை படகு மாதிரி மல்லாந்து கிடக்கும். பிறை பார்த்தவன் யாரும் அப்படிக் காட்ட மாட்டான். யாரும் என்னைத் திட்டவில்லை. கடைத்தெரு முழுக்க அத்தா எனக்கு முன்னால் நடந்து போனார், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அடுத்த வாரம் நான் லாரி ஏறினேன்.

பதினெட்டு வருடம் கழித்துப் பாறையில் உட்கார்ந்து, "எட்டு மேடம். தட்டை மேகம்" என்றேன். தாளிலும் எழுதினேன்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

கீழே பொன்னுசாமி விசில் அடிப்பது மஞ்சுக்குள் கேட்டது. ராட்டினம் கிறீச்சிட ஆரம்பித்தது. மாப்பிள்ளை கிளம்பிவிட்டார்.

கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வண்டு சுற்றுகிற மாதிரி சத்தம். போர்வையை உதறினேன். வண்டு இல்லை. காற்றுத் திசை காட்டும் இரும்புக் கம்பத்தின் உச்சியிலிருந்து சத்தம் வந்தது. முன்னங்கை மயிர் ஒவ்வொன்றாக எழுந்தது. நாக்கில் செம்புக்காசு வைத்தது போல ஒரு ருசி. இப்படி ஆனால் என்ன அர்த்தம் என்று மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். என் தலைக்கு நேர் மேலே, நான் பார்க்காத இடத்தில், இடிமேகம் நிற்கிறது.

கம்பத்தை விட்டுத் தள்ளி ஓடிக் குத்துக்காலிட்டேன். வாக்கிடாக்கியை வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்பது என்று சொல்ல வேண்டும். சொன்னால், எட்டு என்று சொன்னது பொய் என்று ஆகிவிடும். என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"மேடம், காத்து ஜாஸ்தியா இருக்குது. எறக்கிருங்க."

"சரி. பொன்னுசாமி, சுத்துங்க."

ராட்டினம் திரும்பவும் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஈரக் கயிற்றின் ஒரு முனை இடிமேகத்தில். மறு முனை அவன் கையில். அவனை அங்கே நிற்க வைத்தது நான். நான்கு மூச்சு விட்டிருப்பேன். கம்பத்துச் சத்தம் ஏறிக்கொண்டே போனது.

"ஒன்பது! மேடம், ஒன்பது! நான் பாக்கல. முதல்லயே பாக்கல!"

அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "விடுங்க! ஓடுங்க!" என்று கத்தியது மட்டும் கேட்டது. உடனே மஞ்சு முழுக்க வெள்ளையாகி, என் நெஞ்சுக்குள் இடித்தது.

கூப்பிட்டேன். வாக்கிடாக்கியில் இரைச்சல்தான். இறங்கி ஓடினேன். ஓடினேன் என்று சொல்வதைவிட, விழுந்து விழுந்து போனேன். பாதை தெரியவில்லை. அந்தக் கால் மணி நேரத்தில் பொன்னுசாமி செத்துக் கிடப்பதை நூறு தடவை பார்த்தேன். அதையும் நான் பார்க்கவில்லை, நினைத்தேன்.

ராட்டினத்திலிருந்து நாலைந்து தப்படி தள்ளிப் பொன்னுசாமி குப்புறக் கிடந்தான். கயிறு இருந்த இடத்தில் புல்லில் கருப்பாக ஒரு கோடு. மின்னல் அடங்கும்வரை ஜீப்புக்குள் இருந்த டிரைவரும் மேடமும் அப்போதுதான் வந்து அவனைப் புரட்டினார்கள். மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. இடது காதிலிருந்து ரத்தம். கால் இரண்டும் துணி மாதிரித் துவண்டு கிடந்தன. ஜீப்பில் ஏற்றினோம்.

ஏறுவதற்கு முன் மேடம் என் பக்கம் வந்தார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, கழுத்திலிருந்த பென்சிலைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"அழிக்காதீங்க. ஒரே கோடா அடிங்க. பக்கத்துல சரியானதை எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போடுங்க. ரெண்டும் படிக்கத் தெரியணும்."

போட்டேன். தாளை வாங்கிக்கொண்டு ஏறினார். ஜீப் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு என் பதில் இதுதான்: அம்மா, இரண்டையும் ஏற்று.

நான் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். பொன்னுசாமி வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவன் மனைவி ராமாயி சாமைக் காட்டோரம் நின்றிருந்தாள். ஜீப் போன வேகத்தைப் பார்த்திருக்கிறாள்.

"ஏனுங்க பாயி, எங்கூட்டுக்காரரு எப்படி இருக்காரு?"

அவள் முகத்தில் என்ன வேண்டும் என்று எழுதியிருந்தது. நல்லா இருக்காருங்க என்று சொன்னால் போதும். சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

"தெரியலீங்க. இடி விழுந்துருச்சு. மூச்சு இருந்துச்சு. அதுக்கு மேல தெரியல. என்னாலதானுங்க ஆச்சு."

அவள் என் தோள் பையைப் பார்த்தாள்.

"தெரியலைங்கறவன் போய்ப் பாக்கறதுதான? பையத் தூக்கிக்கிட்டு எங்க போற நீயி?"

பஸ் பிடிக்கச் செம்மேட்டுப் பக்கம் வேகமாக நடந்தாள். நான் அவளோடு போகப் பயந்து, பின்தங்கி, பஸ்ஸைப் போகவிட்டு நடந்தேன். அப்படித்தான் பதினேழாவது வளைவு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறேனா, அதைத் தாண்டிப் போகிறேனா என்று அப்போதும் முடிவு செய்யவில்லை. இரண்டுக்கும் ஒரே ரோடு.

முப்பத்தைந்தாவது வளைவில், வெயில் சாய்கிற நேரம், ஜீப் சத்தம். ஒதுங்கி நின்றேன். முன் கண்ணாடியில் வானம் பட்டு உள்ளே யார் என்று தெரியவில்லை. ஜீப் என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது.

"பாயீ! ஓய் பாயீ!"

பின் சீட்டில் ராமாயிக்குப் பக்கத்தில் பொன்னுசாமி, காதில் பஞ்சு. ஒரு காது கேட்காததால் மலைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"கத்தாதீங்க, பக்கத்துலதான் நிக்கிறாரு" என்றாள் ராமாயி.

"என்ன சொல்ற?"

கால் இரண்டிலும் மதியத்துக்கு மேல் உணர்வு வந்துவிட்டதாம். ராத்திரி அங்கேயே இருக்கச் சொல்லி டாக்டரும் மேடமும் கெஞ்சியும் கேட்கவில்லையாம். மேடம் முன் சீட்டிலிருந்து என்னைப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நான் சொன்னேன்: "ஓடிப்போகலாம்னுதான் மேடம் வந்தேன்."

"சரி" என்றார். பிறகு, "லாரி நாளைக்குச் சாயங்காலம்தான் வருது. இன்னொரு பலூனும் கயிறும் இருக்கு. ஆள்தான் இல்லை."

"பாறைக்கு நான் போறேனுங்க!" என்று பொன்னுசாமி கத்தினான். "காதுதான போச்சு. கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. இந்தாளு ராட்டினத்தப் புடிக்கட்டும். அங்க நின்னாத் தெரியும், மேல இருக்கறவன் வாய் எப்படி இருக்கோணும்னு."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. ராமாயி நகர்ந்து இடம் விட்டாள்.

மறுநாள் காலை அவனை டிரைவர் கைத்தாங்கலாகப் பாறையில் ஏற்றிவிட்டு வந்தான். கறுத்த புல்லைத் தாண்டிப் போய் ராட்டினத்தின் முன்னால் நின்று, கைப்பிடியைப் பிடித்தேன். இரும்பு ஜில்லென்றிருந்தது. பலூன் தலைக்கு மேல் நிமிர்ந்து நின்றது. அதற்கு மேல் சாம்பல் கூரை. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பொன்னுசாமி இத்தனை நாளும் இப்படித்தான் நின்றிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

மேடம் வாக்கிடாக்கியை எடுத்தார். "பொன்னுசாமி, சொல்லுங்க."

ரொம்ப நேரம் இரைச்சல். லாரி சாயங்காலம் வந்துவிடும். அவர் பிரிந்துபோன ஸ்வெட்டர் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பதுங்க மேடம்!" என்று கத்தல் வந்தது. "ஒரு மண்ணும் தெரியல! பாயிகிட்ட சொல்லுங்க, கையெடுத்துட்டு ஒக்காரட்டும்!"

கையெடுத்தேன். ராட்டினத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.